பூட்ஸ் போட்ட பூனையைப் பார்த்து ஒருவர் அழுகிறார், ஒருவர் கும்பிடுகிறார்: ஏன்?

திருநகரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். லீவில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து 'பூஸ் இன் பூட்ஸ்: த லாஸ்ட் விஷ்' பார்த்திருக்கிறார்கள். ஓநாய் வந்த இடத்தில் ஐந்து வயது மகள் அலறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள். பத்து வயது மகன் அதே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான். வீட்டுக்காரர் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமியார் ஓநாயைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஒரு கார்ட்டூன் படத்துக்கு ஏன் இப்படி ஆளுக்கொரு மாதிரி ஆகிறது? இது குழந்தைகள் படம்தானா? சின்னவளுக்கு இனிமேல் காட்டலாமா? ஷ்ரெக் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் இதைப் பார்த்திருக்க வேண்டுமா?" இதுதான் கேள்வி.

மதுரையில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுவதைப் பல வருடமாகச் செய்துவருகிறேன். இந்தப் படத்தையும் செல்லூரில் சொந்தக்காரர் வீட்டு மொட்டைமாடியில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் வீட்டில் யாரும் தப்பாகப் பார்க்கவில்லை. இந்தப் படம் முழுக்கப் பயத்தைப் பற்றியது. ஐந்து வயதில் வரும் பயம் வேறு, பத்தில் வேறு, நாற்பதில் வேறு, எழுபதில் வேறு. ஆளுக்கொரு மாதிரி ஆனது அதனால்தான்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் படம் வெளியானது 2022 டிசம்பர் 21. சில நாள் முன்னால்தான் அவதார் இரண்டாம் பாகம் வந்து தியேட்டர்களை நிறைத்திருந்தது. முதல் வார இறுதியில் பூனைக்குக் கிடைத்தது சுமார் 1.2 கோடி டாலர், இந்த அளவு செலவில் எடுத்த படத்துக்கு மிகக் குறைவு. நம் ஊர்க் கணக்கில் முதல் மூன்று நாளிலேயே படம் படுத்துவிட்டது என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆனால் அடுத்த வார இறுதியில் வசூல் இறங்கவில்லை, ஏறியது: 1.6 கோடிக்கு மேல். அதற்கப்புறம் வாரக்கணக்கில் தியேட்டரை விட்டு இறங்காமல் நின்று, அமெரிக்காவில் மட்டும் 18 கோடி டாலரையும், உலகம் முழுக்க 48 கோடி டாலரையும் தொட்டது. போஸ்டரும் டிரெய்லரும் சம்பாதித்த காசு முதல் மூன்று நாளோடு முடிந்தது. மிச்சமெல்லாம் பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் வாய்விட்டுச் சொன்னதால் வந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன அப்பா அம்மாக்கள் திரும்பி வந்து, பிள்ளை இல்லாத நண்பர்களிடம் "நீயும் போய்ப் பார்" என்று சொன்ன படம் இது.

அப்படிச் சொன்னதற்குப் பூனையின் வயதும் ஒரு காரணம். பச்சை ராட்சதன் ஷ்ரெக்கின் முதல் படம் 2001-இல் வந்தது. ஷ்ரெக்கைக் கொல்ல அனுப்பப்பட்ட அடியாளாகப் பூனை நுழைந்தது 2004-இல், இரண்டாம் படத்தில். பெரிய கண்ணை விரித்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பாவமாகப் பார்க்கும் அந்த ஒரு காட்சியிலேயே கதாநாயகனை ஓரம்கட்டிவிட்டது. பூனைக்கென்று தனிப்படம் 2011-இல் வந்தது. முட்டை வடிவ ஹம்ப்டி டம்ப்டி அதன் பழைய தோழனாக வரும் படம். அதுவும் முதல் வாரத்தை விட்டு இரண்டாம் வாரத்தில் கிட்டத்தட்ட வசூலே குறையாமல் ஓடியது. அதற்குப் பிறகு 11 வருட இடைவெளி. முதல் தனிப்படத்தை எட்டு வயதில் பார்த்த பையனுக்கு இப்போது மீசை முளைத்திருக்கும். ஷ்ரெக் இரண்டாம் பாகத்தைக் கல்லூரிக் காலத்தில் பார்த்தவர்கள் நாற்பதை எட்டிவிட்டார்கள். படம் எடுத்தவர்கள் இதைத் தெரிந்துதான் எடுத்திருக்கிறார்கள். பூனையின் தாடி நரைக்கிறது.

துணைப் பாத்திரம் கதாநாயகனைத் தாண்டி வளர்வது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. தோற்பாவைக்கூத்தில் கதை ராமாயணம்தான். ஆனால் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரைக்கு வந்தால்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். இந்த இருவருக்கும் வால்மீகியிலும் இடமில்லை, கம்பரிலும் இடமில்லை. கூத்துக்காரர் குரலிலும் ஜனங்களின் சிரிப்பிலும் பிறந்து வளர்ந்தவர்கள். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால் அந்தப் பாத்திரத்துக்குக் கிளைக்கதை தானாக முளைக்கும். பூனையும் அப்படித்தான். 1697-இல் பிரெஞ்சுக்காரர் சார்ல் பெரோ அச்சில் கொண்டுவந்த கதையில், ஏழை மாவரைப்பவன் மகனுக்குச் சொத்தாகக் கிடைத்த பூனை, தந்திரத்தால் ஒரு ராட்சதனை எலியாக மாறச் செய்து விழுங்கிவிட்டு, எசமானனுக்கு அரண்மனை வாங்கிக் கொடுக்கும். படத்துப் பூனை அதிலிருந்து எடுத்துக்கொண்டது பூட்ஸை மட்டும்தான். வாளும் வீராப்பும் முகமூடி போட்ட வாள்வீரன் ஸொரோவின் கதையிலிருந்து வந்தவை. குரல் கொடுத்த அன்டோனியோ பான்டரஸே 1998-இல் ஸொரோவாக நடித்தவர். மூலக்கதையை எதிர்பார்த்து உட்கார்ந்த சில பெரியவர்கள் "இது அந்தக் கதையே இல்லையே" என்று ஏமாந்ததையும் கேட்டிருக்கிறேன்.

சரி, உங்கள் வீட்டுக்காரருக்கு வருகிறேன்.

படம் ஒரு பாட்டோடு தொடங்குகிறது. பயம் என்றால் என்னவென்றே தெரியாத வீரன் என்று பூனை தன்னைப் பற்றித் தானே பாடுகிறது, ஊரே சேர்ந்து ஆடுகிறது, தூங்கிக்கொண்டிருந்த ராட்சதன் எழுந்துவர, பாட்டை விடாமலே அவனையும் சாய்க்கிறது. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறிமுகப் பாட்டும் அறிமுகச் சண்டையும் பார்த்து வளர்ந்த ஊர். எங்கள் மாடியில் அந்த இடத்தில் பையன்கள் விசிலே அடித்தார்கள். பாட்டு முடிந்து கூட்டம் கைதட்டும்போது பெரிய மணி ஒன்று மேலே விழுந்து பூனை செத்துப்போகிறது. வைத்தியர் எழுப்பி உட்காரவைத்துக் கணக்குச் சொல்கிறார்: ஒன்பது உயிரில் எட்டு போயாயிற்று, மிச்சம் ஒன்று. (பூனைக்கு ஒன்பது உயிர் என்பது ஆங்கிலம் பேசும் ஊர்களின் நம்பிக்கை. பூனையின் சொந்தப் பாஷையான ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் ஏழு என்பார்கள். உங்கள் மாமியாருக்கு இதை முன்னாலேயே சொல்லிவைத்தால் கதை இன்னும் நன்றாகப் பிடிபடும்.)

அடுத்த காட்சி மதுக்கடை. பூனை பால் குடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு ஓநாய். சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பூனையின் வாள் கையை விட்டுப் போகிறது, நெற்றியில் கீறல் விழுந்து ரத்தம் இறங்குகிறது. அந்த ரத்தத்தைப் பார்த்ததும் அதன் உடம்பு முடியெல்லாம் சிலிர்க்கிறது. பயமே தெரியாத வீரன் ஓடுகிறான்.

மாஸ் ஹீரோ படம் பார்த்துப் பழகிய ஆண்பிள்ளைக்கு இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். நம் படங்களில் ஹீரோ அடி வாங்கினால் எழுந்து திருப்பி அடிப்பான். இந்த ஹீரோ ஓடிப்போய்த் தன் தொப்பியையும் பூட்ஸையும் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, பூனைகளை வளர்க்கும் ஒரு கிழவி வீட்டில் தாடி வளர்த்துக்கொண்டு, தட்டில் போட்டதைத் தின்றுகொண்டு கிடக்கிறான். நாற்பது வயதுக்காரர்கள் பலருக்கு அந்தக் காட்சிகள் சிரிப்பாக ஆரம்பித்துச் சிரிப்பு பாதியில் நின்றுபோகும். ஒரு காலத்தில் கபடிக் குழுவில் ஓடியாடினவர்கள், வேலை போய் வீட்டில் உட்கார்ந்தவர்கள், நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினவர்கள், இவர்களுக்கெல்லாம் அது கார்ட்டூன் இல்லை.

அவர் கண் கலங்கிய இடம் எதுவென்று நீங்கள் எழுதவில்லை. என் அனுமானம், காட்டுக்குள் பூனைக்குப் படபடப்பு வரும் இடம். இழந்த உயிர்களைத் திரும்பக் கேட்க, கேட்டதைத் தரும் விண்மீன் ஒன்றைத் தேடி வரைபடத்தோடு அது அந்தக் காட்டுக்குள் போயிருக்கிறது. ஓநாயைத் திரும்பவும் பார்த்துவிட்டு, பூனை ஓடி ஓடி ஒரு மரத்தடியில் சாய்கிறது. மூச்சு அடைக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்கிறது. பின்னால் வந்த குட்டி நாய் பெரிட்டோ ஒரு வார்த்தை பேசுவதில்லை. என்ன ஆச்சு, தைரியமாக இரு, நீ எவ்வளவு பெரிய வீரன் என்றெல்லாம் கிடையாது. தலையைப் பூனையின் வயிற்றில் வைத்துச் சும்மா படுத்துக்கொள்கிறது. பூனையின் கை மெல்ல நாயின் தலைக்கு வருகிறது, மூச்சு இறங்குகிறது. அவ்வளவுதான் காட்சி. படபடப்பு வந்து தவித்தவர்கள், வந்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் உலகம் முழுக்க இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பேசினார்கள். ஒரு வியாதியின் பேரைச் சொல்லாமல், பாடம் நடத்தாமல், அது வந்தால் எப்படி இருக்கும், பக்கத்தில் இருக்கிறவர் என்ன செய்யலாம் என்று இவ்வளவு சரியாகக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து பெரியவர்கள் படங்களிலேயே குறைவு. நம் வீடுகளில் ஆண்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "கேஸ் பிரச்சினை" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். உங்கள் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்தார் என்றால், அதைக் கிண்டல் செய்யாமல் விட்டுவிடுங்கள். முடிந்தால் ஒரு நாள் பேச்சுவாக்கில் கேளுங்கள், எந்த இடம் என்று.

உங்கள் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டதுதான் இந்தக் கேள்வியில் என்னை நிமிர வைத்த வரி. எங்கள் மாடியிலும் இது நடந்தது. பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அப்பத்தா, கறுப்புப் போர்வைக்குள்ளிருந்து அந்த ஓநாய் இரண்டு அரிவாளையும் எடுத்ததும், பக்கத்தில் இருந்த பேத்தியின் தொடையைத் தட்டி, "அது ஓநா இல்லத்தா, பேசாம கும்புட்டுக்க" என்றார். படத்தில் ஓநாய் தன்னை யாரென்று சொல்வது வெகுநேரம் கழித்து, பூனை இழந்த உயிர்களெல்லாம் பளிங்கில் தெரியும் குகைக்குள். அதுவரை பூனையே அவனை, தன் தலைக்கு வைத்த விலைக்காகத் தேடிவந்த கூலிக்காரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்பத்தாவுக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது? மேற்கே சாவை வரையும்போது, கறுப்பு அங்கி போட்டு, கதிர் அறுக்கும் நீளமான அரிவாளைக் கையில் கொடுத்து வரைவார்கள். விளைந்த பயிரை அறுப்பதுபோல ஆயுசை அறுப்பவன் என்று. படக்காரர்கள் அந்த நீள அரிவாளை இரண்டு கையரிவாளாக்கி ஓநாயிடம் கொடுத்துவிட்டார்கள். நம் எமனுக்குப் பாசக்கயிறும் எருமையும்தான், அரிவாள் கிடையாது. ஆனால் மதுரையைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும், கண்மாய்க் கரையில், ஊர் எல்லையில், அரிவாளை ஓங்கிக்கொண்டு கண்ணை உருட்டிக்கொண்டு நிற்பது யார்? கருப்பசாமி. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு உருவம்கூடக் கிடையாது, சந்தனம் பூசிய கதவுக்குத்தான் பூசை. அந்தக் கதவு முன்னால் பொய்ச்சத்தியம் செய்ய ஒருவரும் துணிய மாட்டார்கள். கெட்டவன் என்பதால் வரும் பயமில்லை அது. கணக்குத் தப்பாதவன் என்பதால் வரும் பயம். இந்த ஓநாயும் அதே குணம். பணத்துக்காகவோ பழிக்காகவோ வரவில்லை. கிடைத்த எட்டு உயிரையும் சூதாட்டத்திலும் வெட்டி வீராப்பிலும் தொலைத்துவிட்டு, சாவைப் பார்த்துச் சிரித்த பூனையைக் கணக்குக் கேட்க வருகிறது. உங்கள் மாமியார் கையெடுத்ததில் ஒரு ஆச்சரியமும் இல்லை. இந்தப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினவர்கள் ஓநாய் வில்லனா இல்லையா என்று நீளமாக வாதாடினார்கள். அவர் ஒரு கும்பிடில் முடித்துவிட்டார்.

அப்புறம் அந்த விசில். ஓநாய் வருவதற்கு முன்னால் மெதுவாக ஒரு மெட்டு சீட்டியாக வரும். "ராத்திரியில விசில் அடிக்காதே, பாம்பு வரும்" என்று அதட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்தின் பயம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. குரல் கொடுத்தவர் வாக்னர் மௌரா, பிரேசில்காரர். கத்துவதே இல்லை, அவசரமே இல்லை. ஆங்கிலம் சரியாகப் புரியாதவர்களும் அந்தக் குரலுக்கு அடங்கிப் போவதைப் பார்த்தேன்.

இனி சின்னவள். ஆறேழு வயதுக்குக் கீழே பிள்ளைகள் பயப்படுவது முக்கியமாகக் கண்ணில் படுவதற்கும் காதில் விழுவதற்கும்தான்: சிவந்த கண், பல், திடீர்ச் சத்தம். கதையில் அது யார், ஏன் வருகிறது என்பதெல்லாம் அந்த வயதில் உதவாது. எட்டு வயதுக்கு மேல் பயம் இடம் மாறும். இது எனக்கோ என் வீட்டிலோ நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர்களுக்குப் பயம். அதனால் ஐந்து வயதுப் பிள்ளையிடம் "அது வெறும் படம்மா, உண்மையில்ல" என்று சொல்லிப் பிரயோசனமில்லை, அந்த வித்தியாசம் அவளுக்கு இன்னும் கெட்டியாகப் பிடிபடவில்லை. மடியில் தூக்கி வைத்துக்கொள்வது, கையில் ஒரு டம்ளர் பால் கொடுப்பது, பிடித்த பொம்மையைக் கொடுப்பது, இவைதான் வேலை செய்யும். பெரிட்டோ செய்ததும் அதுதானே.

நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை எதையாவது பார்த்துப் பயந்து ராத்திரி தூக்கத்தில் வீறிட்டால் "பயந்த கோளாறு" என்று சொல்லி, சாயங்காலம் தூக்கிக்கொண்டு போய்த் திருநீறு போட்டுக் கூட்டி வருவார்கள். பள்ளிவாசல் வாசலில் தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் ஓதி ஊதச் சொல்லி, எந்த மதத்துக்காரரும் பிள்ளையோடு நிற்பதை இன்றைக்கும் பார்க்கலாம். திருநீறு என்ன செய்யும், ஊதினால் என்ன ஆகும் என்ற விவாதம் எனக்கு வேண்டாம். பிள்ளையின் பயத்தை வீட்டில் ஒருவரும் "சீ, இதுக்கா" என்று தள்ளிவிடவில்லை, தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள், ஒரு பெரியவர் தலையில் கை வைத்தார். அது பிள்ளைக்குப் போய்ச் சேரும். உங்கள் மாமியார் மந்திரிக்கணும் என்று சொல்லியிருந்தால் மறுக்காதீர்கள்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் தவிர்க்கணும். அண்ணன்காரன் அந்தச் சீட்டியை அடித்து அவளை விரட்டுவான். பத்து வயசுப் பையன் செய்யாமல் இருக்க மாட்டான். அதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். படத்தில் பார்த்த பயம் இரண்டு நாளில் கரையும். வீட்டுக்குள் இருக்கிறவன் அதை வைத்து விளையாடினால் மாதக்கணக்கில் நிற்கும், கக்கூசுக்குத் தனியாகப் போகமாட்டாள்.

ஏழு வயதுக்கு அப்புறம் அவளே கேட்டால் காட்டுங்கள். சத்தத்தைக் குறைத்து வையுங்கள், பயத்தில் பாதி சத்தத்தில்தான் இருக்கிறது. பகலில், கதவு திறந்திருக்கும்போது. "இப்ப ஓநாய் வரும், கொஞ்ச நேரத்தில் போயிடும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதை தெரிந்தால் சுவை போய்விடும் என்பது பெரியவர்களின் கவலை. சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதைதான் இனிக்கும். ஓநாய்க் காட்சிகளை மட்டும் தாண்டி ஓட்டிக் காட்டலாமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் பூனை எதற்காக ஓடுகிறது, எதற்காகக் கடைசியில் நிற்கிறது என்று ஒன்றுமே புரியாது. ஓட்டிவிட்டுக் காட்டுவதற்குக் காட்டாமலே இருக்கலாம். 2011 படம் அவ்வளவு பயமில்லாதது, அதை இப்போதே காட்டலாம்.

உங்கள் மகன் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு நிறைய தீனி இருக்கிறது. சும்மா விடுங்கள். அவனிடம் ஒன்று சொல்லுங்கள்: தொடக்கக் காட்சியில் வரும் கூட்டத்துக்குள் ஓநாய் நிற்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். நிற்கிறது. கண்டுபிடித்தால் கத்துவான். சண்டைக் காட்சிகளில் படம் கொஞ்சம் வெட்டி வெட்டி நகர்வதையும் அவன் கவனித்திருப்பான். எங்கள் மாடியில் ஒரு மாமா எழுந்து போய் புரொஜக்டர் வயரை ஆட்டிப் பார்த்தார், மாட்டிக்கொண்டது என்று நினைத்து. அது கோளாறு இல்லை. சாதாரணமாக நொடிக்கு 24 படம் ஓடும். சண்டை வரும்போது ஒரே படத்தை இரண்டு கட்டத்துக்கு நிறுத்தி, நொடிக்கு 12 ஆக்கிவிடுகிறார்கள். வரைந்த சித்திரம் துள்ளுவதுபோலத் தெரியும், அடி விழும் இடம் கண்ணில் பதியும். பின்னணியெல்லாம் தூரிகைத் தடம் தெரிய வண்ணம் தீட்டியது மாதிரி இருக்கும். 2018-இல் வந்த ஸ்பைடர்மேன் அனிமேஷன் படம் இந்த வழியைத் திறந்தது. பழைய ஷ்ரெக் மாதிரி வழவழவென்று இல்லையே என்று ஆரம்பத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு இந்தப் படம்தான் அழகு. கதைப்புத்தகத்தின் பக்கம் எழுந்து ஓடுவதுபோல இருக்கிறது.

பிள்ளைகளும் பெரியவர்களும் எதிரெதிராகப் பிரியும் இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. பெரிட்டோ தன் சட்டையின் கதையைச் சொல்லும் இடம். குட்டியாக இருந்தபோது வீட்டுக்காரர்கள் தன்னைக் காலுறைக்குள் போட்டு, கூடவே ஒரு கல்லையும் வைத்து ஆற்றில் எறிந்தார்கள், கண்டுபிடிக்கும் விளையாட்டு அது, நான் ஜெயித்துவிட்டேன், அந்தக் காலுறையைத்தான் இப்போது சட்டையாகப் போட்டிருக்கிறேன் என்று வாலை ஆட்டிக்கொண்டே சொல்கிறது. சின்னப் பிள்ளைகள் அதோடு சேர்ந்து சிரித்தார்கள். பெரியவர்கள் பக்கம் மூச்சே இல்லை. ஒன்பது பத்து வயதுப் பெண் ஒருத்தி சிரிக்க வாயைத் திறந்துவிட்டு, திரும்பித் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. நாய்க்குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுவதை அவள் தெருவிலேயே பார்த்திருப்பாள். எந்த வயதில் ஒரு பிள்ளைக்கு அந்த இடம் புரிகிறது என்பதைக் கண்ணெதிரே பார்ப்பது, இத்தனை வருடம் படம் காட்டியதில் எனக்குக் கிடைத்த பெரிய பேறு.

கோல்டிலாக்ஸ் கதையை நீங்கள் எழுதவே இல்லை, ஆனால் பெண்கள் பலர் அழுதது அங்கேதான். எல்கேஜியில் படித்த மூன்று கரடிக் கதையின் அந்தப் பெண் இங்கே வளர்ந்து, கரடிக் குடும்பத்தோடு சேர்ந்து திருடுகிறாள். அவளும் அதே விண்மீனைத் தேடுகிறாள். அதனிடம் அவள் கேட்கப்போவது தனக்கென்று ஒரு மனிதக் குடும்பம். அது தெரிந்ததும் தாய்க்கரடியின் முகம் ஒரு கணம் விழுகிறது. அப்புறம், உனக்கு அது வேண்டுமென்றால் நாங்களே வாங்கித் தருகிறோம் என்கிறது. எடுத்து வளர்த்த பிள்ளை பெற்றவர்களைத் தேடிப் போகணும் என்றால் வளர்த்தவள் என்ன சொல்வாள்? இந்தக் கேள்வியோடு வாழ்கிற வீடுகள் நமக்குத் தெரிந்தே எத்தனை இருக்கின்றன. கடைசியில் வரைபடம் ஒரு கை தூரத்தில் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு விழப்போகும் குட்டிக்கரடியைப் பிடிக்கிறாள் அவள். எங்கள் தெருவில் ஒரு அக்கா அந்த இடத்தில் எழுந்து கீழே போய்விட்டார். திரும்பி வரும்போது எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

விண்மீனைத் தேடும் இன்னொருவன், படத்தின் வில்லன் ஜாக் ஹார்னரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெட்டவன், ஏன் கெட்டவன் என்று காரணம் கேட்காதே என்கிறது படம். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் அவன் ஆட்கள் ஒவ்வொருவராகச் சாவதைச் சிரிப்பாக்கியது எனக்கு ஒப்பவில்லை. உயிரின் மதிப்பைப் பற்றி இவ்வளவு கவனமாகப் பேசும் படத்தில் அந்தச் சாவுகள் கணக்கிலேயே வராமல் போகின்றன.

குழந்தைகள் படம்தானா என்று கேட்டீர்கள். ஆமாம், குழந்தைகள் படம்தான், ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு. அமெரிக்காவிலும் பெற்றோர் துணை வேண்டும் என்ற சான்றிதழோடுதான் வந்தது. சாவு வருவதால் அது பெரியவர்கள் படம் ஆகிவிடாது. நம் பிள்ளைகள் கேட்கிற கதைகளில் மார்க்கண்டேயன் இருக்கிறான், சாவித்திரி இருக்கிறாள், நல்லதங்காளும் ஏழு பிள்ளைகளும் கிணறும் இருக்கிறது. நல்லதங்காளைவிடப் பூனைக்கு முடிவு நல்லபடியாகவே அமைகிறது. ஓநாயை அது ஜெயிப்பதில்லை. இந்த ஒரு உயிருக்காகச் சாகும்வரை நிற்பேன் என்று வாளை எடுக்கிறது, ஓநாய் சலித்துக்கொண்டு இன்னொரு நாள் பார்க்கலாம் என்று போகிறது. பூனையும் தெரியும் என்று தலையசைக்கிறது. 2023 ஆஸ்கரில் சிறந்த அனிமேஷன் படப் பட்டியலில் இது இருந்தது. விருது கியர்மோ டெல் டோரோவின் பினோக்கியோவுக்குப் போனது. அதுவும் சாவைப் பற்றிய குழந்தைக் கதைதான்.

ஷ்ரெக்கை முன்னாலேயே பார்த்திருக்க வேண்டியதில்லை. இந்தப் படம் தனியாகவே நிற்கும். பழைய படம் தெரியாமல் புரியாமல் போவது இரண்டே இரண்டு. பூனைக்கும் கூட வரும் கிட்டி என்ற பெண்பூனைக்கும் இருக்கும் பழைய பழக்கம் 2011 படத்தில் இருக்கிறது, கிட்டி கோபப்படும் இடங்களில் பையனுக்கு அது உதவும். கடைசியில் கப்பல் போகும் ஊரும், பார்க்கப்போகும் பழைய நண்பர்கள் யார் என்பதும் ஷ்ரெக் பார்த்தவர்களுக்குத்தான் சட்டென்று விளங்கும். உங்கள் மகனுக்கு இவ்வளவு பிடித்திருப்பதால் இனி பின்னாலிருந்து முன்னால் போகட்டும்: அடுத்து 2011 படம், அப்புறம் ஷ்ரெக் இரண்டாம் பாகம், பூனை முதன்முதலில் வரும் அந்தப் படம். அதைச் சின்னவளும் உட்கார்ந்து பார்க்கலாம், மாமியாரும் பார்க்கலாம். அதில் அரிவாள் இல்லை.